கணக்கில் ஏறாத சேதம்

2009 பிப்ரவரி 7, சனிக்கிழமை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் அன்று அனல் அடித்தது. மெல்பர்ன் நகரில் வெப்பநிலை 46.4 டிகிரி செல்சியஸைத் தொட்டது. மழையில்லாமல் காய்ந்து கிடந்த யூக்கலிப்டஸ் காடுகளில் பற்றிய தீயைப் பலத்த காற்று ஊர் ஊராகக் கொண்டுபோனது. கிங்லேக், மேரிஸ்வில், ஸ்ட்ரத்யூவன் போன்ற மலையோரச் சிற்றூர்கள் சில மணி நேரத்தில் அழிந்தன. 173 பேர் இறந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. ஆஸ்திரேலியர்கள் அந்த நாளைக் 'கருப்புச் சனி' என்கிறார்கள்.

அதன் பின் சேதத்தை நுணுக்கமாகக் கணக்கெடுத்தார்கள். எரிந்த வீடு, கொட்டகை, வேலி, மடிந்த ஆடு மாடு, கருகிய காட்டின் பரப்பு எல்லாம் பதிவாயின. மின்கம்பி அறுந்தது எங்கே, எச்சரிக்கை எந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் போனது என்று அரசு நியமித்த ஆணையம் விசாரித்து 2010 ஜூலையில் இறுதி அறிக்கை தந்தது. அந்தப் பகுதியில் வேலை செய்த பெண்கள் நல ஊழியர்களோ இன்னொரு சேதத்தைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். வீடுகளுக்குள் அடி விழுகிறது, தீக்கு முன்பு கை ஓங்காதவர்கள்கூட இப்போது ஓங்குகிறார்கள் என்றார்கள். எத்தனை வீடுகளில் என்று கேட்டால் பதில் சொல்ல ஓர் அலுவலகமும் இல்லை. அந்தக் கேள்விக்கான ஏடே யாரிடமும் இல்லை.

வடகிழக்கு விக்டோரியாவில் பெண்கள் நல அமைப்பு ஒன்றில் பணியாற்றிய டெப்ரா பார்கின்சன் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். சக ஆய்வாளர் கிளேர் சாராவுடன் மிட்செல், முரின்டின்டி என்ற இரண்டு வட்டாரங்களில் 30 பெண்களிடம் நீண்ட நேர்காணல்கள் நடத்தினார். மீட்புப் பணியில் இருந்த ஊழியர்களிடமும் பேசினார்கள். 2011இல் முதல் அறிக்கை வந்தது. பிறகு அதே பொருளில் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பார்கின்சன் முனைவர் பட்ட ஆய்வை முடித்தார். வசதியான, சட்டம் ஒழுங்காக நடக்கிற நாட்டில் பேரிடருக்குப் பின் பெண்கள் மீதான வன்முறை பற்றி நடந்த முன்னோடி ஆய்வுகளில் இதற்கு இடம் உண்டு. இப்படியெல்லாம் நடப்பது ஏழை நாடுகளில்தான் என்ற நினைப்பு அதுவரை அங்கே பரவலாக இருந்தது.

முப்பது பேர் என்பது சிறிய எண். அதை வைத்து விக்டோரியா முழுவதும் இத்தனை சதவீதம் என்று சொல்ல முடியாது. பார்கின்சனும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஒரு நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று எண்ணுவதற்கு முன்பு அது எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த முதல் வேலையை நேர்காணல்தான் செய்யும். பேசியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தீக்குப் பிந்தைய வன்முறையைச் சொன்னார்கள். பழைய கொடுமை மோசமான வீடுகள் சில. அதற்கு முன்பு நல்லபடி நடந்த குடும்பத்தில் புதிதாகத் தொடங்கிய வன்முறையைச் சொன்னவர்களும் இருந்தார்கள்.

எனக்கு இந்த ஆய்வில் மிக முக்கியமாகப் படுவது அடியைப் பற்றிய பகுதி அல்ல, வாயடைப்பைப் பற்றிய பகுதி. தீயின்போது பல ஆண்கள் உயிரைப் பணயம் வைத்துப் பிறரைக் காப்பாற்றியிருந்தார்கள். ஊர் அவர்களை வீரர்களாகக் கொண்டாடியது. அப்படிப்பட்ட ஒருவர் மீது மனைவி போய்ப் புகார் சொன்னால், பாவம், அவர் பட்ட பாடு கொஞ்சமா, கொஞ்ச நாள் பொறுத்துக்கொள் என்ற பதில்தான் வந்தது. சொந்தக்காரர்கள் அப்படிச் சொன்னார்கள், அக்கம்பக்கத்தார் சொன்னார்கள், உதவ வேண்டிய பொறுப்பில் இருந்தவர்கள் சிலரும் சொன்னார்கள். அவளுக்கும் அதே எண்ணம். பக்கத்து வீட்டில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் இருக்கிறாள், நான் என்ன பெரிதாகப் புலம்புவது என்று அடக்கிக்கொண்டாள். வெளியேறலாம் என்றால் போக வீடில்லை. அம்மா வீடும் எரிந்திருக்கும், தோழி வேறு ஊருக்குப் போயிருப்பாள். இருப்பது தற்காலிகக் குடியிருப்பில் ஓர் அறை.

இப்போது காரணத்துக்கு வருவோம். எல்லோரும் முதலில் சொல்லும் காரணம் மன அழுத்தம். வீடு போயிற்று, வேலை போயிற்று, தூக்கம் இல்லை, குடிக்கிறான், அடிக்கிறான். இதில் உண்மை உண்டு. ஆனால் இது பாதிதான். அதே வீட்டை இழந்தவள்தான் அவளும். அவளுக்கும் தூக்கம் இல்லை. அவள் ஏன் அடிக்கவில்லை? அந்த ஆணும் இழப்பீட்டு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிய அதிகாரியை அடிக்கவில்லை, காப்பீட்டுக்காரரை அடிக்கவில்லை. அங்கெல்லாம் கோபத்தை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துதான் கை நீட்டுகிறான். எங்கே நீட்டினால் கேட்பாரில்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதே தீயில் அதே இழப்பைச் சந்தித்து, மனைவியோடு சேர்ந்து அழுது, சேர்ந்து வீட்டைக் கட்டிய ஆண்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

பார்கின்சனும் சாராவும் பின்னர் ஆண்களிடமும் தனியாக ஆய்வு செய்தார்கள். காப்பவன், சம்பாதிப்பவன், அழாதவன் என்று ஆணுக்கு ஊர் கொடுத்திருக்கும் வேடம் பேரிடரில் கிழிகிறது. பயந்து ஓடியவன் வெட்கப்படுகிறான், காப்பாற்ற முடியாமல் போனவன் குமைகிறான். உதவி கேட்டால் ஆண்மைக் குறைவு. இழந்த அதிகாரத்தை வீட்டுக்குள் மீட்கப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். தீ இந்த எண்ணத்தை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததற்கு ஒரு சாக்கைக் கொடுத்தது, தடுக்கக்கூடியவர்களை அப்புறப்படுத்தியது.

இந்தத் துறையின் தொடக்க காலச் சான்றுகளில் ஒன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கிடைத்தது. 1980 மே 18 அன்று செயின்ட் ஹெலன்ஸ் மலை வெடித்தது. அங்கிருந்து வெகு தொலைவில் இருந்த ஒத்தெல்லோ என்ற சிற்றூரில் எரிமலைக் குழம்பு எட்டவில்லை, சாம்பல்தான் பொழிந்தது. பின்னர் ஊர்ப் பதிவேடுகளைப் புரட்டிய ஆய்வாளர்கள் வீட்டு வன்முறைப் பதிவுகள் 46 சதவீதம் கூடியிருந்ததைக் கண்டார்கள். நியூசிலாந்தில் ரோசலிண்ட் ஹௌட்டன் வெலிங்டனில் தன் முனைவர் பட்டத்துக்குப் பேரிடர்க் காலக் குடும்ப வன்முறையையே பொருளாகக் கொண்டார்.

பதிவு என்ற இடத்தில்தான் அறிவியல் தடுமாறுகிறது. காவல் நிலையத்தில் புகார் கூடினால் வன்முறை கூடியது என்று பொருளா? மீட்புப் பணிக்காகக் கூடுதலாகப் போலீஸ் வந்திருக்கலாம். புகார் குறைந்தால் வன்முறை குறைந்ததா? சாலை அறுந்து கிடக்கலாம், தொலைபேசி செத்திருக்கலாம், காவல் நிலையமே வெள்ளத்தில் இருக்கலாம். இந்தியாவின் ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களில் 77 சதவீதம் பேர் அதை யாரிடமும் சொன்னதில்லை, உதவியும் கேட்டதில்லை. அமைதியான காலத்திலேயே நிலைமை இது.

ஆகவே வீட்டுக்கு வீடு போய்க் கேட்கும் கணக்கெடுப்புதான் ஓரளவு நம்பகமானது. 2005இல் கத்ரீனா புயலுக்குப் பின் மிசிசிப்பி மாநிலத்தின் தென் மாவட்டங்களில் துணையோடு வாழும் 445 பேரிடம் புயலுக்கு முந்தைய ஆறு மாதத்தையும் பிந்தைய ஆறு மாதத்தையும் பற்றிக் கேட்டார்கள். உடல்ரீதியான வன்முறைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் 4.2 சதவீதத்திலிருந்து 8.3 சதவீதமாகக் கூடியிருந்தார்கள், ஏறத்தாழ இரண்டு மடங்கு. வசை, மிரட்டல் போன்ற உளரீதியான வன்முறை 33.6இலிருந்து 45.2 சதவீதமானது. இதிலும் ஒரு குறை உண்டு. பழையதை நினைவிலிருந்து சொல்லச் சொல்கிறோம். நினைவு பேரிடருக்குப் பின் முன்போல் இருப்பதில்லை.

இந்த நினைவுச் சிக்கலைத் தாண்டும் ஒரு வழியைப் பொருளாதார ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அவர்கள் மழைமானியைப் பார்த்தார்கள். எந்த மாவட்டத்தில் எந்த ஆண்டு மழை பொய்க்கும் என்பதை எந்தக் குடும்பமும் தீர்மானிப்பதில்லை. ஆகவே மழை குறைந்த ஆண்டையும் குறையாத ஆண்டையும் அதே மாவட்டத்துக்குள் ஒப்பிட்டால், இயற்கையே ஒரு சோதனையை நடத்திக் கொடுத்தது போலாகிறது. ஷீதல் சேக்ரி, ஆடம் ஸ்டோரிகார்ட் இருவரும் இந்திய மாவட்டங்களின் மழைக் கணக்கையும் வரதட்சிணைச் சாவுக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மழை அந்த மாவட்டத்தின் வழக்கமான அளவிலிருந்து ஒரு திட்ட விலக்கம் குறைந்தால், பதிவான வரதட்சிணைச் சாவுகள் 7.8 சதவீதம் கூடின. மழை மிகுந்த ஆண்டுகளில் அப்படி எதுவும் இல்லை. வறட்சியில் எல்லாக் குற்றமும் பெருகுகிறது, இதுவும் அதில் ஒன்று என்று தள்ளவும் வழியில்லை. மற்றக் குற்றங்களின் போக்கை வைத்து அவர்கள் அதைச் சோதித்தார்கள், அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

இந்த எண்ணை நான் பலமுறை திரும்பப் பார்த்திருக்கிறேன். அதன் பின்னால் இருக்கும் வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். விளைச்சல் இல்லை, கையில் பணம் இல்லை. பணம் வரக்கூடிய ஒரு வழி மருமகளின் பிறந்த வீடு. அங்கே நெருக்கினால் வரும் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. வரவில்லை என்றால், வேறொருத்தியைக் கொண்டு வந்தால் வரும் என்ற கணக்கு. வானம் பொய்த்ததற்கு ஒரு பெண் உயிரைக் கொடுக்கிறாள். அந்தச் சாவை நெருப்பும் மண்ணெண்ணெயும் என்று பதிவு செய்துவிட்டு வறட்சி அறிக்கையில் கருகிய பயிரின் பரப்பை மட்டும் எழுதுகிறோம்.

வழக்கம்தான் வன்முறைக்கு உருவம் கொடுக்கிறது என்பதற்கு இன்னும் தெளிவான சான்று உண்டு. லூசியா கோர்னோ, நிக்கோல் ஹில்டெப்ராண்ட், அலெசாந்த்ரா வோனா மூவரும் வறட்சிக்கும் சிறுவயதுத் திருமணத்துக்கும் உள்ள தொடர்பை இரண்டு நிலப்பகுதிகளில் ஆராய்ந்தார்கள். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் பரியம் கொடுப்பது வழக்கம். அங்கே வறட்சி வந்தால் சிறுமிகளின் திருமணம் கூடியது, மகளைக் கொடுத்தால் வீட்டுக்குப் பணம் வரும் என்பதால். இந்தியாவில் பெண் வீட்டார்தான் கொடுக்க வேண்டும். இங்கே வறட்சியில் அது குறைந்தது. வானம் இரண்டு இடத்திலும் ஒன்றைத்தான் செய்தது. தான்சானியாவின் மேயாட்டு மாவட்டத்தில் எட்வர்ட் மிகேல் கண்டது இன்னும் கொடியது. மழை அளவுக்கு மீறிப் பெய்த அல்லது பொய்த்த ஆண்டுகளில், சூனியக்காரிகள் என்று பழி சுமத்தி வயதான பெண்களைக் கொல்வது இரண்டு மடங்காகியது. சோறு குறையும்போது யாருடைய வாயைக் குறைப்பது என்று அந்தக் குடும்பங்கள் முடிவெடுத்தன.

எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவுக்கு வருகின்றனவா? இல்லை. 2021இல் இந்தத் துறையின் ஆய்வுகளைத் திரட்டிச் சலித்த ஒரு தொகுப்பாய்வு தகுதியான 37 ஆய்வுகளைத் தேர்ந்தது. அவற்றில் எண்ணிக்கை சார்ந்தவை 20. எட்டில் வன்முறை தெளிவாகக் கூடியிருந்தது. இன்னும் நான்கில் சில வகை வன்முறை மட்டும் கூடியது. மீதி ஆய்வுகளில் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. ஆப்பிரிக்க வறட்சியையும் கணவர்களின் வன்முறையையும் பற்றி ஒரு குழு தொடர்பு உண்டு என்றது. இன்னொரு குழு உறுதியான தொடர்பு இல்லை என்றது. பேரிடர் வந்தால் வன்முறை கூடியே தீரும் என்பது இயற்பியல் விதி போன்றதல்ல. எனக்கு இது நம்பிக்கை தரும் செய்தி. எங்கேயோ கூடாமல் இருந்திருக்கிறது என்றால், கூடாமல் பார்த்துக்கொள்ளவும் முடியும்.

தமிழ்க் கரைக்கு இந்த ஆய்வுகள் அந்நியமானவை அல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் ஆக்ஸ்பாம் நிறுவனம் சாவுக் கணக்கை ஆண் பெண் என்று பிரித்துப் பார்த்தது. கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146. ஆண்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். அங்கே அலை பெரிதாகத் தெரியவில்லை. பெண்கள் கரையில் மீனுக்காகக் காத்திருந்தார்கள், அல்லது வீட்டில் பிள்ளைகளோடு இருந்தார்கள். பிறகு பிழைத்தவர்களுக்குத் தார்ஷீட் கொட்டகைகள் வந்தன. வரிசையாக ஒற்றை அறைகள். உடை மாற்ற மறைவில்லை, கழிப்பறை தூரத்தில் இருட்டில். நிவாரணத் தொகை ஆண்களின் கையில் ரொக்கமாகப் போய் அங்கிருந்து மதுக்கடைக்குப் போனதையும், வீடு திரும்பிய பின் நடந்ததையும் தமிழ்நாட்டுக் கடலோரத்தில் ஆய்வு செய்த சாமன் பிஞ்சா பதிவு செய்திருக்கிறார். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டை மாற்றும் அறுவை சிகிச்சையை அரசு தன் செலவில் செய்து கொடுத்தது. விரும்பிப் போனவர்கள் உண்டு. பிள்ளை பெற்றுத் தர முடியாவிட்டால் வேறு கல்யாணம் என்ற நெருக்குதலில் போனவர்களும் உண்டு. இழவு முடியாத உடம்பின் மேல் விழுந்த அந்த நெருக்குதலையும் வன்முறைக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இலங்கையின் கிழக்குக் கரையில் போரின் மேல் சுனாமியும் வந்து விழுந்தது. அங்கே பெண்கள் அமைப்புகள்தான் முகாம்களில் நடப்பதை முதலில் வெளியே சொன்னவை. மட்டக்களப்பின் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் அவற்றில் ஒன்று. வீட்டுரிமையும் இழப்பீடும் குடும்பத் தலைவர் என்ற பெயரில் ஆணுக்கே போவதை அவர்கள் எதிர்த்தார்கள். வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதும் அடியும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. உரிமை உள்ளவளை வெளியே போ என்று சொல்வது அவ்வளவு எளிதல்ல.

சுனாமியின் நீண்டகாலத் தடத்தைத் தேடிப் பொருளாதார ஆய்வாளர் ஸ்மிருதி ராவ் தேசியக் குடும்ப நல ஆய்வுகளை எடுத்துத் தென் மாநிலங்களை ஒப்பிட்டார். கடுமையாகப் பாதிக்கப்பட்ட தமிழ்நாட்டில் கணவர் இழைக்கும் வன்முறை கூடியிருந்தது. பத்தாண்டு கழித்தும் அதன் தடம் தெரிந்தது. மாநிலங்களை ஒப்பிடும் ஆய்வுக்கு எல்லை உண்டு. பத்தாண்டில் ஒரு மாநிலத்தில் எத்தனையோ மாறும், எல்லாவற்றையும் கடல்மேல் போட முடியாது. ஆனாலும் நிவாரணப் பணி ஓராண்டில் முடிந்துவிடும், அவளுடைய கணக்கு முடியாது என்பதை இது காட்டுகிறது.

2020 கொரோனா ஊரடங்கில் இதே கதை இந்தியா முழுவதும் நடந்தது. மார்ச் 23க்கும் ஏப்ரல் 16க்கும் இடையே தேசிய மகளிர் ஆணையத்துக்கு வந்த குடும்ப வன்முறைப் புகார்கள் 239. அதற்கு முந்தைய 25 நாட்களில் 123. அடிப்பவன் அறையின் மறுபக்கம் உட்கார்ந்திருக்க, வீட்டில் ஒரே கைபேசி இருக்க, அந்த 239 பேர் எப்படியோ சொல்லிவிட்டார்கள். சொல்ல முடியாதவர்களை எந்தப் பட்டியலிலும் தேட முடியாது.

இப்படிப்பட்ட ஆய்வைச் செய்கிறவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2001இல் விதிகள் வகுத்தது. பெண்ணைத் தனியாகத்தான் கேட்க வேண்டும். ஒரு வீட்டில் ஒருத்தியிடம்தான் இந்தக் கேள்விகள். ஆய்வின் தலைப்பை ஊருக்குச் சொல்லக் கூடாது. பேசிக்கொண்டிருக்கும்போது யாராவது உள்ளே வந்தால் பேச்சை உடனே குடிநீர், பிள்ளைகளின் தடுப்பூசி என்று மாற்ற ஆயத்தமாக இருக்க வேண்டும். உதவி தேவைப்பட்டால் எங்கே அனுப்புவது என்று தெரியாமல் கேட்கவே கூடாது. தார்ஷீட் கொட்டகையில், பக்கத்து அறையின் இருமல்கூடக் கேட்கும் இடத்தில், இவற்றைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். பேரிடர்க் காலத்துக்கு நல்ல எண்கள் குறைவாக இருப்பதற்கு இது ஒரு நியாயமான காரணம். எண் கிடைத்தால் நடவடிக்கை எடுப்போம் என்று அதிகாரிகள் காத்திருப்பதற்கு இது நியாயம் ஆகாது.

ஐக்கிய நாடுகளின் மனிதாபிமான உதவி அமைப்புகள் கூடி வகுத்த வழிகாட்டி இதில் தெளிவாக இருக்கிறது. பேரிடர் வந்த இடத்தில் பெண்கள் மீது வன்முறை நடந்துகொண்டிருக்கிறது என்றே வைத்துக்கொண்டு முதல் நாளிலிருந்து வேலை செய்யுங்கள், சான்றுக்காகக் காத்திருக்காதீர்கள் என்கிறது அது. வெள்ளம் வடியுமுன்பே குளோரின் மாத்திரை கொடுக்கிறோம். யாருக்கு வாந்திபேதி வந்தது என்று கேட்டுவிட்டா கொடுக்கிறோம்?

இதை வாசிக்கும் நீங்கள் ஊராட்சி உறுப்பினராகவோ, நிவாரண முகாமில் வேலை செய்யும் தன்னார்வலராகவோ, பள்ளிக்கூடத்தை முகாமாகத் திறந்துவிடும் தலைமையாசிரியராகவோ இருக்கலாம். அடுத்த புயலின்போது பெண்களின் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்குப் போடுங்கள். கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். நிவாரணத் தொகையைப் பெண்ணின் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அவர் பட்ட பாடு கொஞ்சமா என்று யாராவது அவளைத் திருப்பி அனுப்பினால், நீங்கள் அவளை உட்காரவைத்துக் கேளுங்கள். தமிழ்நாட்டில் மகளிர் உதவி எண் 181, இரவும் பகலும் இயங்குகிறது. இலங்கையில் 1938. அந்த எண்ணை முகாமின் வாசல் பலகையில் மட்டும் எழுதாமல், பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறத்திலும் எழுதுங்கள். முகாமில் அவள் தனியாக நின்று அதைப் படிக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.